டன்னிவிக் பெயர் பிறந்த ஊர்

இங்கிலாந்து முழுவதிலும் டன்னிவிக் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களைத் திரட்டினால் ஒரு பஸ்கூட நிரம்பாது என்று எங்களுக்கு வாடகைக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அவரும் ஒரு டன்னிவிக். லண்டனில் அந்தப் பெயருக்கு அவர் ஒருவர்தான். எண்பதுகளின் நடுப்பகுதியில், வால்தம்ஸ்டோவில் இருந்த அவருடைய வீட்டின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்டில் எனக்கு விளங்காத விஷயங்கள் ஏராளம். அவற்றில் முதலாவது பெயர்.

பள்ளிக்கூடத்தில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருந்தது. அப்பாவின் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர். அம்மாவோ கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டவர். ஆகவே அம்மாவும் நானும் ஒரு குடும்பம், அப்பாவும் சித்தப்பாவும் வேறொரு குடும்பம் என்று வெள்ளைக்காரர்கள் எண்ணிக்கொண்டார்கள். ஒருநாள் என் ஆசிரியை குனிந்து, மிகவும் இரக்கமான குரலில், உன்னைக் கூட்டிப் போக வருகிறவர் உன் சொந்த அப்பாதானா என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிய அப்பாவின் முகத்தில் என் முகம் இருக்கிறதா என்று தேடினேன். மூக்கு என்னுடையதுதான். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்காரருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நெட்டை மனிதர் அவர். அவருடைய காதுகள் தலையை விட்டு விலகி நிற்கும். கீழ்மாடியில் தனியாக இருந்தார். நடைவழிச் சுவரில் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. எந்த ஊரில் ஒரு டன்னிவிக் இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி. நூலகத்துக்குப் போய் ஒவ்வொரு பகுதியின் தொலைபேசிப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து ஊசியை நடுவார், பிடுங்குவார். நான் படியில் இறங்கி வந்து அகப்பட்டுக்கொண்டால் பாடம் தொடங்கிவிடும். விக் என்றால் பழைய மொழியில் பண்ணை. டன்னி என்பது பண்ணைக்காரனின் பெயர் என்று சிலர் சொல்வார்கள், மண்ணின் நிறம் என்று வேறு சிலர் சொல்வார்கள். லங்காஷயர் மலைப்பக்கம் ஆஸ்கில் என்ற சின்ன ஊரில் அந்தப் பண்ணை இருந்தது. அங்கே இருந்தவர்கள் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆடு வளர்த்துப் பிழைக்க முடியாமல் போனபோது பிள்ளைகள் பக்கத்து நகரங்களின் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். அதனால்தான் ஊசிகள் ஆஸ்கிலைச் சுற்றி நெருக்கமாகவும் தூரம் போகப் போக ஐதாகவும் இருக்கின்றன. வேல்ஸில் ஒற்றையாக ஒரு ஊசி நின்றது. அது எப்படி அங்கே போனதென்று அவருக்குத் தெரியாது. கட்டை அறுத்துக்கொண்டு போன மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார்.

அப்பாவுக்கு இவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் கேட்பது ஊரைத்தான். அப்பா வெள்ளைக்காரர்களிடமும் அதையே கேட்டுப் பார்த்தார். இருக்கிற தெருவின் பெயரைச் சொன்னார்கள், அல்லது முறைத்தார்கள். வீட்டுக்காரர் ஒருவர்தான் கொஞ்சமும் யோசிக்காமல், ஆஸ்கில் என்றார்.

“பாத்தியே, இவர் எங்கடை ஆள்” என்று அப்பா மேலே வந்து அம்மாவிடம் குதூகலித்தார்.

இங்கேதான் எங்கள் பிழை தொடங்கியது. எங்களில் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன்கூட ஊர் எது என்று கேட்டால், தான் கண்ணாலும் காணாத தாத்தாவின் ஊரைத்தான் சொல்வான். வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார் என்று அப்பா தாமாகவே முடிவு செய்துவிட்டார். பாவம், சொந்த ஊரைப் பார்க்கக் கொடுத்துவைக்காத மனிதர். இத்தனை சொந்தக்காரர் இருந்தும் தனிக்கட்டை. கிறிஸ்மஸ் அன்றுகூட அவருடைய கதவை ஒருவரும் தட்டவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய இடியப்பத்தையும் சொதியையும் கரண்டியோடு போராடித் தனியே சாப்பிட்டார்.

“நாளைக்கு ஒண்டு நடந்தால் இந்த மனுசனுக்கு ஆர் வருவினம்?” என்று அப்பா கேட்டார். அதன் பிறகு அவரை அவருடைய ஆட்களோடு சேர்த்துவைப்பது அப்பாவின் பொறுப்பாகிவிட்டது. ஊரையும் உறவையும் விட்டுவிட்டு வந்த அப்பா, கேட்பாரில்லாமல் கிடக்கும் ஒரு ஊரையும் உறவையும் கண்டு சும்மா இருக்க மாட்டாதவராய் இருந்தார்.

வீட்டுக்காரர் பிடிகொடுக்கவில்லை. குளிர் என்றார். ஆடுகள் குட்டி போடும் காலம், எல்லோருக்கும் வேலை இருக்கும் என்றார். முன்கூட்டி எழுதாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது என்றார்.

“சொந்தக்காரர் வீட்டுக்குப் போறதுக்கு அப்பொயின்ட்மென்ட் எடுக்கிறதே?” என்று அப்பா எங்களிடம் வந்து கொதித்தார்.

பிறகு, வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை, அவராகவே மாடிப்படி ஏறி வந்து, சித்தப்பாவின் வான் கிடைக்குமா என்று கேட்டார். ஏன் மனம் மாறினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தன்னுடைய கெட்டித்தனம் என்றே அப்பா நினைத்தார். சித்தப்பா இல்ஃபோர்டில் ஒரு கடைக்குச் சாமான் ஏற்றும் வான் ஓட்டினார். அடுத்த ஞாயிறு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். வெறுங்கையோடு போக முடியாதென்று அம்மா கட்லட்டும் ரோல்ஸும் பொரித்தெடுத்தார். அப்பா ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பிஸ்கட் பெட்டியும் வாங்கினார். வீட்டுக்காரர் கழுத்துப்பட்டி கட்டி, தலையைத் தண்ணீர் வைத்து வாரி, முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் பின்னால், வெங்காய மணத்தோடு.

 நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் அவர் சித்தப்பாவுக்கு வழி சொல்லத் தொடங்கினார். இடப்பக்கம் திரும்பு. இப்போது ஒரு பாலம் வரும், ஒடுக்கமானது, மெதுவாகப் போ. பெயர்ப்பலகை வருவதற்கு முன்பே வளைவு வருவதைச் சொன்னார்.

“மெப்பைப் பாத்தே முழுக்கப் பாடமாக்கிப்போட்டார், அண்ணை” என்று சித்தப்பா வியந்தார். நானும் வியந்தேன். படத்தில் பாலத்தின் ஒடுக்கம் எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்கிலில் ஒரு கடை இருந்தது. ஊரில் செய்வதுபோலவே அப்பா நேரே உள்ளே போய், டன்னிவிக்காரர் வீடு எது என்று கேட்டார். கடைக்காரி வாசல்வரை வந்து கையைக் காட்டினார். மேலே பண்ணையில் ஒரு கிழவர் இருக்கிறார். கீழே தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தச்சர் இருக்கிறார், மனைவியோடும் பிள்ளையோடும். முதலில் மூத்தவர் வீட்டுக்குப் போவதுதான் முறை என்று அப்பா சொன்னார். வீட்டுக்காரர், தேவாலயத்துப் பக்கம் போகலாம் என்றார். முறை தெரியாத மனிதர் என்று அப்பா முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுத்தார்.

மணியை அடித்தது அப்பாதான். வீட்டுக்காரர் தெருவோரப் படலைக் கதவோடு நின்றுவிட்டார். கதவைத் திறந்தவருக்கு அப்பாவை விடக் கொஞ்சம் கூடுதலான வயது இருக்கும். தோளில் பாத்திரம் துடைக்கும் துணி. காதுகள் இரண்டும் விலகி நின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். பெயர் ஒன்றாக இருந்தால் காதும் ஒன்றாக இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வாழைப்பழத்தை நீட்டி, உங்கள் சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறோம் என்று தொடங்கினார். அதற்குள் வீட்டுக்காரர் விறுவிறென்று முன்னால் வந்தார்.

“என் பெயர் வில்சன். அபூர்வமான குடும்பப் பெயர்களைப் பற்றி ஆராய்கிறேன். இவர்கள் என் நண்பர்கள்” என்றார்.

அப்பாவின் கையில் வாழைப்பழம் அப்படியே நின்றது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தச்சர் நல்ல மனிதர். வாழைப்பழத்தையும் வாங்கி, எங்களையும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அவருடைய மகள் என் வயதுக்காரி. இருவரும் தோட்டத்தில் கொஞ்சநேரம் ஓடி விளையாடினோம். பிறகு ரோல்ஸ் எடுக்க உள்ளே வந்தேன். தச்சர் பண்ணையைப் பற்றியும் பஞ்சாலைகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் எனக்கு ஏற்கனவே தெரிந்தவை. வீட்டுக்காரர் முதல்முறை கேட்பவரைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு தச்சரின் தகப்பனைப் பற்றிக் கேட்டார்.

“கடற்படையில் இருந்தவர். போரில் கப்பலோடு போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததே இல்லை” என்றார் தச்சர்.

“உங்களுக்கு அதை யார் சொன்னது?”

“அம்மாதான். இந்தக் குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அப்பாவைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை.”

வீட்டுக்காரர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.  அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இவரும் ஒரு டன்னிவிக்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். அம்மா அவருடைய தொடையில் நுள்ளினார்.

“சும்மா இருங்கோ.”

“ஏன்?”

“தெரியேல்லை. சும்மா இருங்கோ.”

புறப்படும்போது தச்சர் படலைவரை வந்தார். லண்டனில் எங்கள் பெயர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டார்.

“இல்லை” என்றார் அவர். “நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.”

திரும்பி வரும் வழி முழுவதும் அப்பா வெந்துகொண்டிருந்தார். முன் இருக்கையில் இருந்தவருக்கு விளங்காதென்ற துணிவில் தமிழில் கொட்டினார். எங்களோடு வந்ததால்தான் வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். கறுப்பர்களோடு வெங்காய வானில் வந்த டன்னிவிக் என்று சொந்தக்காரர் நினைத்துவிடுவார்கள் என்ற பயம். வாடகை வாங்கக் கூசவில்லை, பெயரைச் சொல்லக் கூசுகிறது.

“அந்த மனுசன் அழுறார்” என்றார் அம்மா.

“அது வயல் தூசி.”

நான் அப்பாவின் பக்கம் நின்றேன். கோபத்தை விடக் கவலைதான் கூடுதலாக இருந்தது. அந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்களைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே வெள்ளைக்காரர் அவர் என்று நம்பியிருந்தேன். அந்த வீடு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அப்பாவும் அதன் பிறகு அவருடன் வாடகைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவர் நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டதைக்கூட அம்மா சொல்லித்தான் கவனித்தோம். கோடை முடிவதற்குள் அப்பா இல்ஃபோர்டில் ஒரு வீடு பார்த்துவிட்டார்.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, அம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாக என்னைச் செல்லமாகத் திட்டி, “விசரி, அந்தத் தச்சன் வீட்டுக்காரற்றை மகன் எல்லோ” என்றார். அதற்குள் அப்பாவிடம் சொல்ல முடியாத காலம் ஆகிவிட்டது. சாகும்வரைக்கும் அப்பா அந்த மனிதரை நன்றி கெட்டவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் நாங்கள் வீடு மாறிய அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தேன். வீட்டுக்காரர் நடைவழியில் நின்றிருந்தார். அப்பா வெளியே வானில் ஏறுகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்.

“அன்றைக்குத் தோட்டத்தில் உன்னோடு விளையாடினாளே, அந்தச் சிறுமியின் பெயர் என்ன?”

“ரூத்” என்றேன்.

இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், ரூத் டன்னிவிக், என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எனக்கு நன்றி சொல்லி, தலையணை மாட்டிக்கொள்ளாதபடி கதவை விரியத் திறந்து பிடித்தார்.

கிழவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வானில் ஏறியதும் சித்தப்பாவிடம் சொன்னேன். பெயரின் பின்பாதிக்காக நாடு முழுவதையும் சல்லடை போட்டவருக்கு, தெரியாத ஒரு பிள்ளையின் முன்பாதி எதற்கு என்று இல்ஃபோர்ட் வரும்வரை யோசித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை.