தலைவர் படமும் நான்காவது கோடும்

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கமிட்டியில் முடிவாயிற்று. யார் செய்வது? பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இது வராதா என்ன... என் தலையில் கட்டினார்கள்.

நல்ல காரியம்தான். ரத்தம் தர முன்வந்தவர்களின் பெயர், குரூப், போன் நம்பர் — நெய்வேலியில் யாருக்கு அவசரம் என்றாலும் செல்போனில் தட்டினால் வந்துவிட வேண்டும். தீர்மானத்தில் அப்படித்தான் எழுதினார்கள்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த மச்சினி வசந்திக்கு உத்தியோகமே வெப்சைட் செய்வதுதான். அவளிடம் பாடம் கேட்டேன்.

"இப்பல்லாம் கிரிட்தான் மாமா. பக்கத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சுட்டு, எது எங்க உக்காரணும்னு சொல்லிட்டா போதும்."

கட்டம்தானே? பிளாக் பிளாக்காகப் பிரித்த ஊரில் பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? 'டிஸ்ப்ளே கிரிட்' என்று ஒரு வரி. பத்திரிகை போல மூன்று பத்தி வேண்டுமானால் '1fr' என்று மூன்று முறை. அதாவது, இருக்கிற அகலத்தில் ஆளுக்கு ஒரு சம பங்கு. எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை இவ்வளவு சுலபமாக முடிந்திருக்கிறது?

தலைவர் படம் மட்டும் மூன்று பத்தியையும் அடைத்து நிற்க வேண்டும். இது தலைவரின் உத்தரவு. ஒன்றிலிருந்து மூன்று வரை என்று எழுதி, அடுத்ததாகச் செயலாளர் படத்தையும் வைத்து, பக்கத்தை ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை தலைவர் என் வாசலில் நின்றார்.

"இன்னாங்க இது? என் வரிசையிலயே செகரெட்டரி உக்காந்துகினு இருக்காரு?"

பார்த்தேன். தலைவர் இரண்டு பத்தியோடு நின்றுபோயிருந்தார். மூன்றாவதில் செயலாளர் சிரித்துக்கொண்டிருந்தார். நிஜத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

சென்னைக்கு போன் போட்டேன்.

"நீங்க கட்டத்தை எண்ணிட்டீங்க மாமா. எண்ண வேண்டியது கோட்டை. மூணு கட்டம்னா நாலு கோடு இருக்கும்ல? ஒண்ணுலேருந்து நாலுன்னு போடுங்க."

போட்டேன். தலைவர் விரிந்தார். செயலாளர் கீழே இறங்கினார். இறங்கியதும் அவர் கோபித்துக்கொண்டார். பொருளாளர், தன்னை ஏன் ஓரத்தில் தள்ளினாய் என்றார். கமிட்டி உறுப்பினர்கள் தத்தம் படங்களோடு வந்தார்கள். எல்லாருக்கும் இடம் கொடுத்தேன். ரத்தம் தருகிறவர்கள்? எல்லாருக்கும் கீழே. அவர்கள் யாரும் என் வாசலில் வந்து சண்டை போடவில்லையே.

எங்கள் பிளாக்கில் தெருவிளக்கு பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி முருகவேல். கம்மாபுரத்துக்காரர். பிரசவத்தில் அவர் மனைவிக்கு ரத்தப்போக்கு. சுலபத்தில் கிடைக்காத குரூப். நமது வெப்சைட் இருக்கிறதே என்று செல்போனை எடுத்திருக்கிறார்.

"படமா வந்துகினே இருந்துதுங்க" என்றார் பின்னால் ஒருநாள். "சிக்னலு வேற சரியில்ல. ஒரு மூஞ்சி போய் ஒரு மூஞ்சி வருது, நம்பர காணோம். போன பையில போட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடிட்டேன். ஷிப்ட் வுட்டு எறங்கறவங்கள ஒவ்வொருத்தரா கேட்டுகினே நின்னேன்."

ஒருவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்த ஒருவரின் பெயரும் நம்பரும் எங்கள் வெப்சைட்டிலேயே இருக்கின்றன. படங்களுக்குக் கீழே.

அன்றே மாற்றினேன். ரத்தம் தருகிறவர்களுக்கு முதல் வரிசை, ஒன்றாம் கோட்டிலிருந்து நான்காம் கோடு வரை. கமிட்டிக்குக் கடைசி வரிசை.

கமிட்டி அவசரமாகக் கூடியது. தலைவரும் செயலாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்... என்ன ஒற்றுமை. முருகவேல் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

"அதான் பொழைச்சிகினாங்களே?" என்றார் தலைவர். செயலாளர் தலையாட்டினார்.

என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். படங்களைப் பழையபடி மேலே ஏற்றும் வேலை இப்போது பொருளாளருக்கு.

அவருக்குக் கிரிட் தெரியாது. ரத்தம் இன்னும் முதல் வரிசையில்தான் இருக்கிறது.