கடைசி அத்தியாயத்தை வெட்டியவள்

காய்ச்சல் வார்டில் அவள் சீனியர் நர்ஸ். குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நர்ஸம்மா. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் கம்பிக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவர், வீட்டுக்கு வந்தால் கொள்ளைநோய் நாவலுக்குள் குதித்துவிடுவார். வாடகை நூலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய தங்கைதான் இந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து தருவாள்.

அன்று நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதைக் கேளு! ராத்திரி பூரா அந்த டாக்டர் பொண்ணு மாஸ்க்கைக் கழட்டவே இல்லையாம். என்ன மனசு பாரு!"

நர்ஸம்மாவின் காதுக்குப் பின்னால் மாஸ்க் நாடா அறுத்து இரண்டு பக்கமும் புண்ணாகியிருந்தது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான். ஊரே அந்த டாக்டரை நம்பாதபோது அவள் தனியாளாகக் கிருமியைத் துரத்துகிறாளாம்.

"அவ எப்படி இருப்பா?" என்று கேட்டாள் நர்ஸம்மா, ஏதோ உப்பு போதுமா என்று கேட்பதுபோல.

"ஒல்லியா, உயரமா. களைச்சுப்போனாலும் கண்ணு மட்டும் பளபளன்னு இருக்குமாம்."

"இருக்கும் இருக்கும். பெட்பேன் எடுக்கிறவளா இருந்தா தெரியும்."

அவருக்கு அது காதிலேயே விழவில்லை. இவளுக்கோ வயிறு எரிந்தது. அச்சில் மட்டுமே இருக்கும் ஒருத்தியோடு சக்களத்திச் சண்டை போட முடியுமா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

விடுமுறை நாளில், குறை கண்டுபிடிக்கவென்றே புத்தகத்தைக் கையில் எடுத்தாள். குறைக்குப் பஞ்சமில்லை. அந்த டாக்டர் ஒரே கையுறையோடு மூன்று நோயாளிகளைத் தொட்டாள். அவள் வார்டில் வாந்தி நாற்றமே கிடையாது. நர்ஸ் என்று ஒருத்தி இரண்டு இடத்தில் வந்து டிரேயை நீட்டிவிட்டுப் போய்விட்டாள். "நல்லா எழுதினான் போ" என்று முணுமுணுத்தபடியே பக்கத்தைப் புரட்டினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

அப்போது வந்த கோபம்தான் எல்லாவற்றையும் மிஞ்சியது. அவரைச் சொக்குப்பொடி போட்டு மயக்கியவள் இப்போது தன்னையும் மயக்கிவிட்டாளே! கட்டு வெட்டும் கத்திரியை எடுத்து, கடைசி அத்தியாயத்தைச் சுத்தமாக வெட்டிப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

அன்று மாலை அவர் கூண்டுப் புலிபோல் வீட்டைச் சுற்றி வந்தார். தங்கைக்குப் போன் போட்டார். "என்னம்மா புக்கு குடுத்திருக்க? முடிவே இல்ல!"

"வேற பிரதி இல்லண்ணே."

நர்ஸம்மா துணி மடித்துக்கொண்டே, "நான் படிச்சிட்டேன், சொல்லட்டுமா?" என்றாள்.

அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். இப்படி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்து வெகுகாலமாயிற்று.

அந்த டாக்டரைத் தீர்த்துக்கட்டுவது என்று ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தாள். டாக்டருக்கே காய்ச்சல் வருகிறது என்று தொடங்கினாள். படுக்கையில் விழுந்தவளுக்கு ஒரு நர்ஸ் வாய் துடைத்துவிடுகிறாள், நரம்பு கிடைக்காமல் கைமாற்றி ஊசி குத்துகிறாள், பயத்தில் டாக்டர் அவள் கையை விடாதபோது ஒன்றுக்குப் போகாமல்கூடப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸம்மா சொன்னதெல்லாம் அந்த வாரம் வார்டில் நடந்தவைதான். "விடியறதுக்குள்ள டாக்டர் போயிட்டா" என்று முடித்தாள்.

டாக்டருக்காக அவர் கண்ணீர் விடுவார் என்று காத்திருந்தாள்.

"அந்த நர்ஸுக்கு என்னாச்சு?" என்றார் அவர்.

மடித்த துணி அவள் கையிலேயே நின்றது. "அவளுக்கு என்ன? ஒருத்தி செத்துட்டாளேன்னு அழக்கூட நேரமில்ல. வீட்டுக்கு வந்தா. வீட்டுக்காரரு புக்கு படிச்சுட்டிருந்தாரு."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன வருஷம் காய்ச்சல் பரவுனப்ப நீ வேலைக்குக் கிளம்பிப் போயிடுவ. நான் கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். கேட்டா அங்க நடக்கிறதை நீ சொல்லிடுவியோன்னு பயம். புக்குல எத்தனை பேரு செத்தாலும் கடைசியில மருந்து கண்டுபிடிச்சிருவாங்க. மூடி வச்சுட்டுத் தூங்கலாம்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத் தெரியல."

அவள் எழுந்துபோய், வெட்டிய தாள்களைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பொறாமையா? அவ மேலயா?"

"சிரிக்காதீங்க. படிச்சுத் தொலைங்க. உயிரோடதான் இருக்கா. பூங்கொத்து வேற குடுக்கறாங்க."

மறுநாள் வீட்டுக்கு வந்த நாத்தனார் அந்தத் தாள்களை ஒட்டிக்கொண்டே கேட்டாள், "யாரண்ணி வெட்டினது?" "எலி" என்றாள் நர்ஸம்மா. அவர் இருமுவதுபோல் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் அவள் வந்ததும், வார்டில் என்ன நடந்தது என்று அவர் கேட்கிறார். சில நாள் கேட்டுவிட்டுச் சோறு இறங்காமல் எழுந்துவிடுகிறார். ஆனாலும் மறுநாள் கேட்கிறார். புத்தகங்கள் நின்றபாடில்லை. பொறாமையும் அப்படித்தான். புதிதாக வரும் புத்தகம் முதலில் அவள் கைக்குத்தான் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். போன வாரம் வந்ததில் ஓர் அழகான ஆராய்ச்சிக்காரி இருந்தாள். நர்ஸம்மா அதை மூன்றாம் பக்கத்திலேயே மூடி, "இது நல்லா இல்லம்மா" என்று நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.