விஸ்வநத்தத்துக்கு ஒரு கையெழுத்து கேட்டுப் போனேன்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போவது எப்படி என்று இந்தப் பதிவுப் பக்கத்தில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வழியில் ஒரு பயணம்தான் மறக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கம், ஒரு வியாழக்கிழமை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆத்திரத்தோடு போய் ஆத்திரத்தோடு திரும்பினேன்.

நான் அப்போது விருதுநகரில் ஆசிரியை. என் வீட்டில் என்னோடு இருந்தவள் கனகம். புருஷன் செத்த பிறகு, அண்ணன் பார்த்த கிழவனைக் கட்டமாட்டேன் என்றதால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள். ஒன்பது வருஷமாக எங்களுக்கு ஒரே அடுப்பு. எனக்கு டைபாய்டு வந்தபோது இருபத்தோரு நாள் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை மருந்து வெடித்து வலது கை கருகிவிட்டது.

வியாழன் காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "கை அழுக ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கே எடுக்கணும். சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்."

"நான் போடுறேன் சார்."

"நீங்க யாரு?"

"அவ அக்கா."

கிளார்க் படிவத்தில் என் பெயரைப் பார்த்தார், எஸ்தர். அவள் பெயரைப் பார்த்தார். சிரித்தார். "ரத்த உறவு யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

கனகம் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். ஒன்பது பத்துக்கு பஸ் ஏறினேன். பதினாறு மைல், டிக்கெட் எழுபது காசு, ஒரு மணி பத்து நிமிஷம். ஆமத்தூரில் பஸ் நின்றபோது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

கனகத்தின் அண்ணன் இருந்த விஸ்வநத்தத்துக்கு எப்படிப் போகணும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "சிவகாசில எறங்கி குதிரை வண்டி புடிங்க டீச்சர். எட்டணா கேப்பான், ஆறணாவுக்கு மேல குடுக்காதீக" என்றார். வண்டிக்காரர் எட்டணாவே கேட்டார். பேரம் பேச மனசில்லை. ஏறிவிட்டேன்.

பதினோரு மணிக்கு அண்ணன் வீட்டில் இருந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தங்கச்சியே கெடையாது. என்னைக்கோ தலை முழுகியாச்சு."

"ஒரே ஒரு கையெழுத்துதாங்க. போட்டுட்டுத் திரும்பி வந்திருங்க."

"போட்டா, நாளைக்கு ஒத்தக் கையோட அவளை என் வாசல்ல கொண்டாந்து விட்டுருவீக. அதுசரி, நீங்க யாரு? எங்க சாதியா, சனமா? கழுத்துல சிலுவை போட்ட வேதக்காரவுகளுக்கு இதுல எம்புட்டு அக்கறை!"

"அவகூட ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவ" என்றேன். அவர் மோர் ஊற்றச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். நான் ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெயிலில் நடந்தே சிவகாசி வந்தேன். ஒரு பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்றே முக்காலுக்கு. ஆஸ்பத்திரி போய்ச் சேர மூன்று மணி தாண்டிவிட்டது.

கனகத்துக்கு நினைவு திரும்பியிருந்தது. "அண்ணன் வரலியாக்கா?" என்றாள். வரலை என்றேன். பிறகு கிளார்க்கைக் கூப்பிடச் சொன்னாள்.

"என் ரேகையை நான் வைக்கேன். உறவுன்னு இருக்க எடத்துல இவ பேரைப் போட்டு அக்கான்னு எழுதுங்க."

"கூடப் பொறந்த அக்காவா?"

"கூடப் பொறந்தவன் வரமாட்டேன்னுட்டான். கூட இருக்கவ வந்திருக்கா. எழுதுங்கய்யா, வலி தாங்கலை."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். அவ்வளவுதான். ஒரு தலையசைப்பு. காலையில் அதற்கு என்ன கேடு?

கனகம் பிழைத்தாள். காலையிலேயே செய்திருந்தால் மணிக்கட்டோடு நின்றிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். முழங்கைக்கு மேல் எடுத்திருந்தார்கள். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தாள். இடது கையால் அவள் அரைத்த சட்னியில் உப்பு எப்போதும் தூக்கல். நான் குறை சொன்னதில்லை.

இப்போது அந்த வழியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஏறினால் போய்ச் சேரலாம். ஆனால் ரத்தம் இல்லாத உறவோடு வாழ்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே, எனக்கு இவர்தான் எல்லாம் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது நீ யார் என்று கேட்டால் கெஞ்சாதீர்கள், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நான் அன்று காலை "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனேன்.