இரண்டு வரிசை தள்ளி

நாற்பது வருடமாகச் சைக்கிளைத் தொடாதவர்கள்தான் என்னிடம் வந்து, "சைக்கிள் மட்டும் மறக்கவே மறக்காதுங்க" என்பார்கள். மெல்பனிலும் சிட்னியிலும் ஆள் சேர்த்து, பிரான்ஸின் பர்கண்டி பகுதிக்குக் கூட்டிப்போய், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாரம் ஆற அமரச் சைக்கிள் ஓட்டவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் தொழில். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர். பாக்கி நேரமெல்லாம் சாப்பாடு. பெட்டிகள் வேனில் வரும். மெல்பனில், கிளென் வேவர்லியில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சேரும் என்று கவலைப்படும்போது, நான் எந்த மேட்டில் யாருக்கு மூச்சு வாங்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

வழக்கமாக நான் சொல்லும் கதைகள் பஞ்சர், முழங்கால் வலி, காணாமல் போன ஹெல்மெட் பற்றியவை. இவை அப்படியல்ல. எல்லாம் ஒரே குழுவோடு, ஒரே வாரத்தில் நடந்தவை.

ஒத்திகை

புறப்படும் முன் எல்லோரையும் ஒரு சனிக்கிழமை சிட்னியின் பரமாட்டா பூங்காவுக்கு வரச்சொல்லி ஓட்டிப் பார்க்கவைப்போம். அந்தக் குழுவில் எட்டுப் பேர். அவர்களில் பென்டில் ஹில்லிலிருந்து வந்தவர்கள் புவனா அன்ரியும் அவர் மகள் தர்ஷினியும். ஆன்ட்டியை இலங்கைத் தமிழர்கள் அன்ரி என்பார்கள். அன்ரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். "எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகிறேன்" என்று மகள் சொன்னதற்கு, எங்கள் விளம்பரத் தாளில் பர்கண்டிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாராம்.

சீட்டை இறக்கிக் கொடுத்தேன். அன்ரி இரண்டு சுற்று, கியரை மாற்றாமலே, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிவிட்டு இறங்கினார். எல்லோரும் கேட்கும் கேள்வியை எதிர்பார்த்தேன்: மேடு அதிகமா, கழிப்பறை இருக்குமா. அவர் கேட்டது வேறு. கல்லில் செய்த சிலுவை நிற்கும் சந்தி வழியாகப் போவோமா என்றார். அந்த ஊர்த் தோட்டங்களில் அப்படி எத்தனையோ சிலுவைகள் இருக்கின்றன, எதைக் கேட்கிறீர்கள் என்றேன். "ஒரு கை உடைஞ்சது தம்பி. இடக்கைப் பக்கம்."

வெட்டப்பட்ட மரம்

முதல் நாள் எங்களுக்கு முன்னால் போனவர் முரளி. சிட்னியின் கெல்லிவில்காரர், கணினி நிறுவனத்தில் மேனேஜர். ஹேண்டில்பாரில் வழிகாட்டிக் கருவி பொருத்தி, அது சொல்வதைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். எப்போதும்போல நான் கடைசியில் வந்தேன். பொமார் கிராமம் தாண்டி ஒரு சந்தியில் முரளி நின்று கருவியைத் தட்டிக்கொண்டிருக்க, அன்ரி நிற்காமல் இடதுபக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். சந்தியில் கல் சிலுவை. இடது கை உடைந்திருந்தது.

அது எங்கள் பாதை இல்லை. கூப்பிட்டேன். "இந்த மதில் முடிய ஒரு பெரிய வால்நட் மரம் நிக்கும், அதுக்குக் கீழை இருந்து சாப்பிடுவம்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார். வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்தொடர்ந்தோம். மதில் நீளமானது, ஆள் உயரம், பாசி படிந்தது. அதற்குப் பின்னால் கிணறு இருக்கும் என்றார். ஒரு இடத்தில் கல் பெயர்ந்திருந்த ஓட்டை வழியாக நான் எட்டிப் பார்த்தேன். கிணறு இருந்தது. முரளி என் காதருகே வந்து, "இவங்க முன்னாடி இங்க வந்திருக்காங்களா?" என்றார். தர்ஷினி முகம் வெளுத்துப்போயிருந்தது. "அம்மா ஆஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு சிட்னியைத் தாண்டினதே இல்லை" என்றாள்.

மதில் முடிந்த இடத்தில் மரம் இல்லை. டிராக்டர் சக்கரம் அகலத்துக்கு ஒரு அடிக்கட்டை மட்டும் இருந்தது. அன்ரி சைக்கிளை விட்டு இறங்கி, அதன்மேல் கையை வைத்தார். "வெட்டிப்போட்டினம்."

மூடுபனி

மறுநாள் காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத பனி. இந்த மாதிரி நேரத்தில் ஒவ்வொருவரும் அவ்வப்போது மணி அடித்துக்கொண்டே போகவேண்டும் என்பது எங்கள் விதி. யார் எங்கே என்று காது சொல்லிவிடும். அன்ரி எனக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

சாலையின் வலதுபக்கத் தோட்டத்திலிருந்து ஒரு சத்தம். கிளிக், கொஞ்சம் இடைவெளி, கிளிக். திராட்சைக் குலையை நறுக்கும் கத்தரிக்கோல். அறுவடைக் காலத்தில் நாள் முழுக்கக் கேட்கும் சத்தம்தான், எனக்குப் பழக்கம். ஆனால் அந்தத் தோட்டத்தில் அறுவடை முடிந்து இரண்டு வாரமாகிவிட்டது. நாங்கள் போகப் போக அந்தச் சத்தமும் கூடவே வந்தது. வேகத்தைக் குறைத்தேன், அதுவும் குறைந்தது. முன்னால் மணிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் கேட்டுவிட்டார்கள், எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

நான் சாலையோரம் இறங்கி, முதல் வரிசைக்குள் போய்ப் பார்த்தேன். ஈரமான இலைகள், காலியான கொடிகள், அவ்வளவுதான். ஒரு குலைகூட இல்லை. திரும்பி வந்தபோது அன்ரி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. யாரோ வருவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார். "அங்கை இல்லைத் தம்பி. இரண்டு வரிசை தள்ளி."

கடிதங்கள்

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் தர்ஷினி அம்மாவை விடவில்லை. அன்ரி கைப்பையிலிருந்து நான்கு நீலக் கடிதங்களை எடுத்து வைத்தார். அவருடைய அண்ணா யோகநாதன் எழுதியவை. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸுக்குப் போனவர். அங்கே உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர், ஒரு வருடம் திராட்சை பறிக்க இங்கே வந்தார். உடைந்த சிலுவை, மதில், கிணறு, மரத்தடிச் சாப்பாடு எல்லாம் அந்தக் கடிதங்களில் இருந்தன. அடுத்த வருடமும் திராட்சைக்குப் போகிறேன் என்பது கடைசிக் கடிதம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாரோ வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு குடும்பத்தை மறந்துவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். அவர்களுடைய அம்மாவும் அதை நம்பினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, அன்ரிக்குக் கடிதம் மனப்பாடம், அவ்வளவுதான். முரளிகூடச் சிரித்துவிட்டார். "அப்போ காலையில கேட்ட சத்தமும் கடிதத்துல இருக்கு, இல்லீங்களா அன்ரி?" என்று நான் கேட்டேன். அவர் கடிதங்களை மடித்து உள்ளே வைத்தார். "இல்லை. அது இதிலை இல்லை."

மூன்றாவது படி

நான்காம் நாள், வைன் ருசி பார்க்க வழக்கமாகப் போகும் இடத்தில் பம்பு உடைந்துவிட்டது என்று காலையில் சொல்லிவிட்டார்கள். விடுதிக்காரர் விசாரித்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வேறொரு கிராமத்தில் ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். கிராமத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எனக்கும் அது புது இடம். கடிதங்களில் அந்தக் கிராமம் இல்லை.

வீட்டுக்காரருக்கு எண்பது வயதிருக்கும். நிலவறைக்கு மின்விளக்கும் காற்றை வெளியேற்றும் விசிறியும் இருந்தன. ஆனாலும் அவர் ஒரு கூண்டில் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு முன்னால் இறங்கினார். ஒவ்வொருவராகப் பின்னால் போனோம். அன்ரி மூன்றாவது படியில் நின்றுவிட்டார். கை நெஞ்சில் இருந்தது. "இதுக்குள்ளை காத்து இல்லை" என்றார். கீழே மெழுகுவர்த்தி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. நான் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. "எல்லாரையும் மேலை வரச்சொல்லுங்கோ தம்பி."

பெரியவர் திரும்பி மேலே பார்த்தார். அன்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். நீங்கள் எந்த நாடு என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த தர்ஷினி, ஆஸ்திரேலியா என்றாள். அதற்கு முன்னால் என்றார். இலங்கை என்றாள். பெரியவர் கூண்டைப் படியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

கொண்டுவந்தது ஒரு புகைப்படம். திராட்சைக் கூடைகளோடு ஆறு ஆட்கள். யாரும் கேட்காமலே அன்ரி ஒருவர்மேல் விரலை வைத்து, "அண்ணா" என்றார். பெரியவர் படியில் உட்கார்ந்து பேசினார், தர்ஷினி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். சாறு நொதிக்கும்போது வெளிவரும் வாயு காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாது. மேலே தொட்டிகளிலிருந்து வழிந்து நிலவறையில் தேங்கிவிடும். மெழுகுவர்த்தி அணைந்தால் இறங்கக்கூடாது. அந்த வருடம் ஒரு நாள், அன்ரி காட்டிய ஆள் மெழுகுவர்த்தி இல்லாமல் இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை. அவரிடம் இருந்த வேலை அனுமதி அட்டையில் வேறொருவர் பெயர். அடுத்தவர் அட்டையில் வேலை செய்வது அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்கு வழக்கம். அதில் இருந்த முகவரிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. இதுவரை சொல்லிவிட்டுப் பெரியவர் நிறுத்தினார். பிறகு ஒரே வாக்கியம். தர்ஷினி அதை உடனே சொல்லவில்லை, அம்மா கேட்ட பிறகுதான் சொன்னாள். "குழாயை எடுத்துவா எண்டு கீழே அனுப்பினது நான்தான்."

வேறு பெயர்

கிராமத்து இடுகாடு சிறியது. சுவரோரம் ஒரு கல், அதில் அந்த அட்டையில் இருந்த பெயர், அருள்ராசா என்று பிரெஞ்சு எழுத்தில், கீழே இறந்த நாள். கல் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு அறுவடை முடிவிலும் வந்து ஒரு குலை வைப்பாராம் பெரியவர். அந்த வருடத்துக் குலை காய்ந்துபோய்க் கிடந்தது. அன்ரி குனிந்து அதை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

பின்னால் வருகிறவர்களுக்காகச் சாலையில் அம்புக்குறி போட என் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். அன்ரி கை நீட்டினார். "அந்த வெண்கட்டியைத் தாங்கோ தம்பி." முழங்காலிட்டு, கல்லின் குறுக்கே, பெரிய எழுத்தில், தமிழில் யோகநாதன் என்று எழுதினார். தர்ஷினி அழுதாள், அன்ரி அழவில்லை. மழை தூறத் தொடங்கியது. வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். திராட்சைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அந்த எழுத்து நனையாமல் கல்லின்மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார் பெரியவர். அன்ரி அதைப் பார்க்கவில்லை. "விட்டுட்டுப் போயிட்டான் எண்டு சொல்லிச் சொல்லியே அம்மா செத்தவ. இனி நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

திவசம்

அடுத்த வருடம், கல்லில் இருந்த தேதிக்குத் திதி பார்த்து, பென்டில் ஹில் வீட்டில் முதல் திவசம் கொடுத்தார்கள். நான் மெல்பனிலிருந்து போயிருந்தேன். முரளியும் கெல்லிவில்லிலிருந்து மனைவியோடு வந்திருந்தார். சுவரில் அந்த ஆறு பேர் படத்திலிருந்து பெரிதாக்கிய ஒரு முகம். பெரியவர் தன் செலவில் சரியான பெயரைச் செதுக்கி, படம் எடுத்துத் தர்ஷினிக்கு அனுப்பியிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, சமையலறையில் அன்ரி தனியாக இருந்தபோது அந்த மூன்றாவது படியைப் பற்றிக் கேட்டேன். பயத்தில் மூச்சு முட்டியிருக்குமோ என்றேன். "முப்பது வருசம் நேர்ஸாய் இருந்தனான் தம்பி. பயத்திலை முட்டுற மூச்சு எனக்குத் தெரியும், அது இது இல்லை" என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் பாயசத்தை ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது முரளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மனைவி அடுத்த விடுமுறைக்கும் சைக்கிள் பயணம்தான் வேண்டும் என்கிறாராம். எந்த நாடானாலும் பரவாயில்லையாம், ஒரே ஒரு நிபந்தனை. "நம்ம ஆளுங்க யாரும் பொழைக்கப் போகாத ஊரா பார்த்துச் சொல்லுங்க."

பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், உலக வரைபடத்தை விரித்துவைத்து ஆறு மாதமாகத் தேடுகிறேன், அப்படி ஓர் ஊர் இன்னும் அகப்படவில்லை.