மாவுக்கட்டுக் கிளி

எங்கள் வீட்டில் திருடனைக் கண்டுபிடித்தது நான்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கேட்கிறவர்கள்தான் எழுந்து போய்விடுவார்கள். அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். திருடன் என்றால் ஆடு, கோழி பிடித்துக்கொண்டு போனவன் இல்லை. என் அக்காவின் மானத்தை போனுக்குள் கூறு கட்டி விற்றவன்.

அக்கா பதினொன்றாவது. மொரப்பூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வந்தாள். பேச்சுப் போட்டி என்றால் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவாள். நர்சுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லி, வீட்டுக்கு வருகிற எல்லாருடைய கையையும் பிடித்து நாடி பார்ப்பாள். அப்படிப்பட்டவள் அரையாண்டுப் பரீட்சை நெருங்குகிற நேரத்தில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். மறுநாளும் வயிற்றுவலி. சோறு வேண்டாம், பஸ் வேண்டாம், பேச்சே வேண்டாம். வயிற்றுவலிக்காரி எதற்காகப் போர்வைக்குள் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு அழவேண்டும் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

போர்வையை இழுத்தேன். ஓர் அடி விழுந்தது. மறுபடியும் இழுத்தேன். அப்புறம் அவளே காட்டினாள்.

இன்ஸ்டாகிராமில் எவனோ ஒரு பக்கம் ஆரம்பித்திருந்தான். பேர் ‘நக்கல் மன்னன்’. முகம் கிடையாது, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு குரங்கு பொம்மைதான். உள்ளே முழுக்க முழுக்க என் அக்கா! எருமை உடம்பில் அக்காவின் தலை. மேடையில் வாயைத் திறந்து பேசுகிற போட்டோவுக்குக் கீழே, நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள். அதைவிடப் பெரிய அக்கிரமம், அக்கா ஒரு பையனுக்குக் கொஞ்சிக் கொஞ்சி அனுப்பியதாகச் சில மெசேஜ்கள். அவள் அனுப்பவே இல்லை. எவனோ உட்கார்ந்து ஜோடித்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது. பஸ்ஸில் அக்கா ஏறியதும் பின்சீட்டுப் பையன்கள் எருமை மாதிரிக் கத்தினார்களாம்.

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடி. சொன்னன்னா என் படிப்பு அவ்ளோதான்” என்றாள்.

அது வெறும் பயம் இல்லை. பெரியப்பா பெண்ணுக்கு எவனோ விடாமல் மெசேஜ் அனுப்புகிறான் என்று தெரிந்ததும் பெரியப்பா செய்த முதல் காரியம், அவளைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தியதுதான். அனுப்பியவன் பாட்டுக்குப் படித்துப் பாஸ் பண்ணிவிட்டான். அவள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் நியாயம் அந்த லட்சணத்தில் இருந்தது.

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்வதென்றால், உள்ளுக்குள் ஒரே குஷி. துப்புத் துலக்க ஒரு கேஸ் கிடைத்துவிட்டதே! போனைப் பிடுங்கி ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா இரண்டு கையாலும் மாம்பழத்தைப் பிடித்துச் சப்புகிற போட்டோ ஒன்று வந்தது. கண் மூடியிருக்கிறது, சாறு முழங்கை வரை வழிகிறது. கீழே ‘காட்டுப்பன்னி’ என்று எழுதியிருந்தான். மூலையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதில் பச்சையாக ஒரு வால்.

“அக்கா! என் கிளி!” என்று கத்தினேன்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் நான் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டிருந்தேன். மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஸ்கெட்ச் பேனாவால் அதன்மேல் ஒரு கிளி வரைந்தாள். அன்று சாயந்திரமே நான் தொட்டித் தண்ணீரில் கையை விட்டு ஊறவைத்துக் கட்டைக் கூழாக்கிவிட்டேன். மறுநாள் புதுக்கட்டு. இனி அதில் ஒரு கோடு இழுத்தாலும் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆக, கிளி உயிரோடு இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், கம்பைநல்லூரிலிருந்து என்னைப் பார்க்க மாம்பழக் கூடையோடு வந்த மாமா குடும்பம். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அம்மாவின் போன் சார்ஜில் இருந்தது. புதுப் போனை வைத்துக்கொண்டு எல்லாரையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது, அக்காவின் பள்ளியிலேயே பன்னிரண்டாவது படிக்கிற மாமா பையன்!

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. அன்று அத்தை, “என் மருமவளுக்கு ரெண்டு பழம் சேத்துக் குடு” என்று சொல்ல, அக்கா, “நான் யாருக்கும் மருமவ இல்ல, நான் நர்சு” என்று பழச்சாறு வழியச் சொல்லிச் சிரித்ததும், எல்லாரும் சேர்ந்து சிரித்ததும், அவன் மட்டும் சிரிக்காததும் வரிசையாக ஞாபகம் வந்தன.

அக்கா வெளிறிப்போனாள். யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். ஆனாலும் கெட்டிக்காரி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்தாள். அழித்துவிட்டால் அப்புறம் யார் நம்புவார்கள் என்றாள். நானோ வயிற்றில் ஒரு விஷயத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவள். சத்தியம் வாங்கிய கை கீழே இறங்குவதற்குள் அம்மாவிடம் ஓடிவிட்டேன்.

அம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் காட்டச் சொன்னாள். எழுதியிருப்பதை நான்தான் படித்தேன். சில வார்த்தைகளை முழுங்கினேன். முழுங்காமல் படி என்றாள். படித்து முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டுத் தலைவாரிவிட்டாள். மூன்று பேரும் பஸ் ஏறினோம். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, திருடனைப் பிடிக்கப் போகிறோம் என்று கண்டக்டரிடம் சொல்லாத குறைதான்.

மாமா வீட்டில் தடபுடலாக வரவேற்றார்கள். அத்தை காபி கொண்டுவந்தாள். அம்மா டம்ளரைத் தொடாமல் போனை நீட்டினாள். மாமா பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இதுக்கா புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடியாந்த? மொறப்பையன் கேலி பண்ணாம தெருவுல போறவனா பண்ணுவான்?”

எங்கள் பக்கத்தில் மாமன் மகனுக்கு அப்படி ஓர் உரிமை உண்டு. திருவிழாவில் மஞ்சத்தண்ணி ஊற்றுவான், சடையைப் பிடித்து இழுப்பான், பெரியவர்கள் கைதட்டுவார்கள். அந்த உரிமை போனுக்குள்ளும் செல்லும் என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். நாளைக்கு இந்த வூட்டுக்கு வரப்போகிற பெண்தானே என்றாள் அத்தை. அவன் கதவோரம் நின்று கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா அவனைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தாள். “நீ எழுதனதுதான? உங்க அம்மா முன்னால ஒருவாட்டி சத்தமாப் படி கண்ணு.”

வாயைத் திறந்தான். மூடினான். காது இரண்டும் சிவந்துவிட்டன. போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். படி, படி என்று எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. மாமா எட்டி அவன் கையிலிருந்து போனை வாங்கி, “அழிச்சிடுவான், போதும் உடு” என்றார்.

அம்மா, “அவன் அழிச்சா என் பொண்ணு நெஞ்சுல இருக்கறது அழிஞ்சிடுமாண்ணா? நாளைக்கி ஸ்கூல்ல எச்.எம். டீச்சர்கிட்ட குடுக்கறன். அவங்க போலீசக் கூப்புட்டா கூப்புடட்டும்” என்றாள்.

மாமாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “யோசிச்சுக்கம்மா” என்றார் மெதுவாக.

“யோசிச்சிட்டுத்தாண்ணா பஸ் ஏறனன்.”

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆதாரம்தான் கையில் இருக்கிறதே!

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கதவுக்குப் பின்னால் என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். அப்பா முதலில் கேட்டது போனைத்தான். அதைப் பிடுங்கிப் பெட்டியில் போடு, இவளும் வீட்டோடு கிடக்கட்டும் என்று ஆரம்பித்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“தப்புப் பண்ணது நம்ம பொண்ணு இல்லீங்க. படிப்ப நிறுத்தித்தான் ஆவணும்னா, போயி எங்கண்ணன் பையன் படிப்ப நிறுத்தச் சொல்லுங்க.”

அப்பா அம்மாவையே பார்த்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். விடிந்து பார்த்தால், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்! அக்கா அவரைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

தலைமையாசிரியை ஸ்க்ரீன்ஷாட் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். மாமாவுக்குச் சொல்லியனுப்பினார். ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்து அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதில் உன் தப்பு எதுவுமில்லை என்று சொல்லித்தான் கேள்வியே கேட்டார். அவன் அதே பக்கத்தில் தன் பேரையும் முகத்தையும் போட்டு, மெசேஜ் எல்லாம் தான் ஜோடித்தது என்று எழுதவேண்டியதாயிற்று. அப்புறம்தான் அழிக்க விட்டார்கள். அக்காவின் வகுப்புக்கு வந்து அதையே வாயாலும் சொன்னான். பஸ்ஸில் எருமை மாதிரிக் கத்திய வீரர்களும் தப்பவில்லை, அவரவர் அம்மா அப்பாவோடு வந்து நின்றார்கள். அரையாண்டு முடியும்வரை அவன் பரீட்சைக்கு மட்டும் வரலாம், வகுப்புக்கு வரக்கூடாது என்றார்கள். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா பேக்கரியில் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கித்தந்தார். அக்கா இரண்டு சாப்பிட்டாள். மறுநாள் அவள் பஸ்ஸில் ஏறியபோது நானும் கூடவே ஏறிப் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு சத்தம் வரவேண்டுமே! ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம், நான்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்த மாதம் பொங்கல் வந்தது. அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து வருஷம் தவறாமல், பொங்கலுக்கு முதல்நாள் காலை பஸ்ஸில் மாமா சீர் கொண்டுவருவார். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், தோளில் கரும்பு, அம்மாவுக்கு ஒரு புடவை. அந்த வருஷம் அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் முழுக்கக் கோலம் போட்டிருந்தாள். காலை பஸ் ஹாரன் அடித்தபோது அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். பஸ் போய்விட்டது. உள்ளே போனாள். அடுத்த பஸ்ஸுக்கும் வந்தாள். அதற்கடுத்த பஸ்ஸுக்கும் வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரும்மா வர்றாங்க என்று கேட்டேன்.

“யாரும் இல்லடி. கோலத்தக் கோழி மிதிச்சிடுச்சான்னு பாக்க வந்தன்” என்றாள்.

கோலம் மிதிபடாமல் அப்படியே இருந்தது. நல்லாத்தாம்மா இருக்கு என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, நான் கோழியைத் துரத்த ஓடினேன்.