ஊருக்கெல்லாம் பந்தல் போடுகிறவர்களின் விருந்து

டிசம்பர் பிறந்துவிட்டால் க்ளெனிஸ் ஹரலின் காதுகளில் தினம் ஒரு தோடு தொங்கும். ஒரு நாள் கலைமான், ஒரு நாள் பனிமனிதன், ஒரு நாள் நிஜமாகவே விளக்கு எரியும் குட்டி மரம். வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். பனிமனிதனை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஈரத் துண்டுடன், அவர் போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் கம்பெனி ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஊரில் பந்தல், மேசை, நாற்காலி, குளிர்பெட்டி வண்டி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறது. முன்மேசை க்ளெனிஸுடையது. பக்கத்து மேசையில் நான் நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் எந்த அலுவலகம் எந்த நாளில் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கிறது, எத்தனை பேர் வருவார்கள், அவர்களில் யார் யாருடன் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கணவர் விட்டுப் போன வருஷம், இரண்டு வாரத் தற்காலிக வேலைக்கு என்று வந்தவர். பத்தொன்பது வருஷம் ஆகிறது. இன்னும் யாரும் அவரை நிரந்தரம் என்று சொல்லவில்லை என்பது அவருடைய நகைச்சுவை.

ஊருக்கெல்லாம் விருந்து நடத்திவைக்கிற எங்களுக்கு எங்கள் விருந்தை நடத்த நேரம் கிடைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு சந்து கிடைக்கும். பத்து மணிக்குள் பொருள்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். திரும்ப எடுத்துவர மூன்று மணிக்கு மேல் போனால் போதும். அந்த இடைவெளியில், கிடங்கின் பின்பக்க நிழலில், க்ளெனிஸ் விருந்து வைப்பார். எங்கள் நாற்காலி ஒன்றுகூட எங்களுக்கு மிஞ்சாது. பால் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவோம். பார்பெக்யூ அடுப்பில் இறால், தலையில் காகிதக் கிரீடம். அவ்வளவுதான். ஆனால் அதற்கான திட்டத்தை அவர் ஜூலையிலேயே ஆரம்பித்துவிடுவார். அந்த இறாலை அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டால் உதடு வீங்கிவிடும்.

இந்த வருஷம் அந்த விருந்துக்கே ஆபத்து வந்தது. முதலாளி முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வெடுத்துக்கொண்டு, பொறுப்பை மகள் டாம்சினிடம் கொடுத்தார். பிரிஸ்பேனில் பெரிய கம்பெனியில் இருந்த பெண். வந்த மூன்றாவது வாரமே க்ளெனிஸின் மேசை ஓரத்தில் வந்து நின்றாள்.

"க்ளெனிஸ், நீங்க டிசம்பர்ல படற பாட்டை நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். இதுல நம்ம விருந்து வேற எதுக்கு? அடுத்த வருஷத்துலேர்ந்து இந்த ஊர்லயே விருந்து நடத்தித் தர்ற ஒரு ஏஜென்சிகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன். படகுல கூட்டிட்டுப் போய் சாப்பாடெல்லாம் போட்டுக் கொண்டாந்து விட்டுடுவாங்க."

"படகுலயா?" என்றார் க்ளெனிஸ். "நம்ம லாரிக்கார நெவிலுக்குக் குளியல் தொட்டியில உட்காந்தாலே தலை சுத்தும்."

"இந்த வருஷம் எப்படிப் போகுதுன்னு பாப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்று முழுக்க க்ளெனிஸ் யாரிடமும் சத்தம் போடவில்லை. அதனால்தான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று தங்கை வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். அவர் தலைமையில் நடக்கிற கிறிஸ்துமஸ் எங்கள் கிடங்கின் பின்பக்கத்தில் நடப்பது ஒன்றுதான்.

எனவே இந்த வருஷம் எதிலும் குறை வரக்கூடாது என்று முடிவுகட்டினார். பர்னெட் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அவரே வண்டி ஓட்டிப்போய், மீன்பிடிப் படகுக்காரரிடம் எட்டுக் கிலோ பச்சை இறால் வாங்கி, செய்தித்தாளில் நான்கு பொட்டலமாகச் சுற்றி, எங்கள் சாப்பாட்டு அறை ஃப்ரீஸரில் வைத்தார்.

அந்த ஃப்ரீஸரைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகைக்குப் போன குளிர்பெட்டிகள் திரும்பி வரும்போது அவற்றில் பாதியில் இறால் ஓடு கிடக்கும். இந்த வெயிலில் அதை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அதனால் இங்கே எல்லார் வீட்டிலும் செய்வதுபோல, ஓடுகளைச் செய்தித்தாளில் சுற்றி, குப்பை வண்டி வரும்வரை ஃப்ரீஸரில் வைத்திருப்போம். எங்கள் தெருவுக்கு வண்டி செவ்வாய் காலை ஆறரைக்கு. 'திங்கட்கிழமை கடைசியாகப் போகிறவர் ஓட்டுப் பொட்டலங்களை எடுத்துத் தொட்டியில் போடவும்' என்று க்ளெனிஸ் எழுதி ஒட்டிய தாள் பதினோரு வருஷமாக ஃப்ரீஸர் மூடியில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷமும் அதன்படி நடந்தவர் க்ளெனிஸ் ஒருவர்தான்.

போன வருஷம் விருந்துக்கு வைத்திருந்த இறாலில் மூன்று கிலோ முதல் நாளே காணாமல் போயிருந்தது. ஆகவே இந்த முறை க்ளெனிஸ் ஒரு தந்திரம் செய்தார். நான்கு பொட்டலத்தின் மேலும் தடித்த பேனாவால் 'ஓடு — நாற்றம்' என்று எழுதினார். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்கூட. திங்களன்று நிஜ ஓடுகளை மத்தியானமே எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, விருந்துக்காக முடி வெட்டிக்கொள்ளச் சீக்கிரம் கிளம்பினார்.

செவ்வாய் காலை பத்தரைக்கு, இறாலைத் தண்ணீரில் போட்டுக் குளிர் விட வைப்பதற்காக ஃப்ரீஸரைத் திறந்தார். நான் கையில் வாளியுடன் பின்னால் நின்றேன். உள்ளே ஒரு ஐஸ் தட்டும் யாரோ மறந்துபோன பட்டாணிப் பையும் இருந்தன.

"யாருடா ஃப்ரீஸரைத் தொட்டது?"

கிடங்கில் இருந்த இருபது பேரும் வந்துவிட்டார்கள். எல்லாரும் லாரி ஓட்டும் நெவிலைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்யா பாக்கறீங்க? நான் இன்னிக்கு அந்தப் பக்கமே போகல."

"போன வருஷம் போனியே," என்றார் க்ளெனிஸ்.

"அது போன வருஷம்."

அப்போது அலுவலக அறையிலிருந்து டாம்சின் வந்தாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் முடித்த ஒரே பிள்ளையின் முகம் அவளுக்கு.

"ஃப்ரீஸரா? அது நான்தான். நேத்து நான்தானே கடைசி. நோட்டீஸ்ல போட்டிருந்த மாதிரி நாலு ஓட்டுப் பொட்டலத்தையும் தொட்டியில போட்டு, தொட்டியை ரோட்டோரம் தள்ளி வச்சிட்டேன்."

பதினோரு வருஷத்தில், க்ளெனிஸைத் தவிர, அந்தத் தாளை மதித்த முதல் ஆள். க்ளெனிஸ் ஃப்ரீஸரின் மூடியை மெதுவாக இறக்கினார்.

"அதுல இருந்தது நம்ம இறால்மா," என்றார்.

டாம்சினின் முகம் வெளுத்தது. இருபது பேரின் பார்வையும் அவள் பக்கம் திரும்பியது. க்ளெனிஸ் அதை அப்படியே விட்டிருக்கலாம். விருந்தைக் கெடுத்தது புது முதலாளி என்று ஆகியிருக்கும். அவருக்குச் சாதகமாகத்தான் போயிருக்கும்.

"அவளை ஏன் முறைக்கறீங்க? பொட்டலத்து மேல ஓடுன்னு எழுதினது நான்," என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டாள் டாம்சின்.

"இவன் திங்காம இருக்க," என்று நெவிலைக் காட்டினார் க்ளெனிஸ்.

"ஏன் தாயே," என்றான் நெவில், "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் காவல் காத்திருப்பேனே!"

"நீ காத்த லட்சணம்தான் போன வருஷம் பாத்தேனே."

"இப்ப குப்பைமேட்டுல அரிவாள் மூக்கன் பறவைங்கல்லாம் காகிதக் கிரீடம் வச்சிட்டு உக்காந்திருக்கும். எட்டுக் கிலோ!"

டாம்சின் போனை எடுத்து, சமைத்துக் கொடுப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. ஒருவன் சிரித்தே விட்டானாம். மீன் கடையில் வரிசை பெட்ரோல் பங்க் வரை நிற்பதாக நெவில் போய்ப் பார்த்து வந்து சொன்னான். பன்னிரண்டு மணிக்கு ரொட்டியில் வதக்கிய வெங்காயத்தை வைத்து, தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிட்டோம். எங்களிடம் இருந்தது அதுதான்.

"அருமை," என்றான் நெவில். "இறாலோட வாசனையை மனசுல நினைச்சுட்டே சாப்பிட்டா இன்னும் அருமை."

க்ளெனிஸ் சாப்பிடவில்லை. முன்மேசைக்குப் போய் உட்கார்ந்தார். இனி விருந்து ஏஜென்சிக்குத்தான், முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆறுதலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அதற்குள் அவர் கண் அன்றைய விநியோகப் பட்டியலில் போய் நின்றது. பதினேழு விருந்துகள். பென்சிலை எடுத்து அவற்றில் ஐந்து பெயர்களைச் சுற்றி வட்டம் போட்டார்.

"சவ அடக்கக்காரங்க எப்பவும் ரெண்டு மடங்கு வாங்குவாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பத்தாமப் போயிடுமோன்னு அவங்களுக்கு எப்பவும் பயம். பல் டாக்டருங்க இனிப்பு வாங்குவாங்க, ஆனா ஒருத்தர் பாக்க ஒருத்தர் தின்ன மாட்டாங்க."

பிறகு போனை எடுத்தார்.

"ஹலோ, க்ளெனிஸ் பேசறேன். மூணு மணிக்கு நம்ம ஆளு நாற்காலி எடுக்க வருவான். மிச்சம் மீதி எதுவும் இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, எங்க குளிர்பெட்டியிலயே விட்டுடுங்க. ஆமா, எங்களுக்குத்தான். சிரிக்காதீங்க. ஊருக்கே விருந்து வச்சு நாங்க வெங்காயம் தின்னுட்டிருக்கோம்."

டாம்சின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மத்தவங்க மிச்சத்தையா?" என்றாள் தயக்கத்துடன்.

"மிச்சம்னா தட்டுல வச்சதில்ல பொண்ணே. பெட்டியைவிட்டு வெளியவே வராதது. அந்தப் பெட்டியில எவ்வளவு கொள்ளும், அவங்க எவ்வளவு திம்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நான்கரைக்கு முதல் லாரி வந்தது. சவ அடக்க நிறுவனத்திலிருந்து நான்கு கிலோ இறால், கட்டைக்கூடப் பிரிக்காமல். வங்கியிலிருந்து அரைப் பன்றித்தொடை. அதோடு மேலாளரின் கைப்பட எழுதிய ஒரு வாழ்த்தும். பல் மருத்துவமனையிலிருந்து இரண்டு முழு பாவ்லோவா கேக், மேலே மாம்பழமும் க்ரீமும் குலையாமல். கணக்காளர்கள் ஒன்றும் அனுப்பவில்லை. க்ளெனிஸ் அவர்கள் பெயரில் வட்டமும் போட்டிருக்கவில்லை. திரும்பி வந்த நாற்காலிகளும் லாரியில் இருந்ததால், கம்பெனி வரலாற்றில் முதல்முறையாக எங்கள் விருந்தில் எல்லாருக்கும் நாற்காலி கிடைத்தது. நெவிலுக்கு அது பழக்கமில்லை. பால் கூடையையே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஆறு மணி வெயிலில் டாம்சின் சட்டைக் கையை மடித்துவிட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். யாரோ அவள் தலையில் ஊதாக் கிரீடம் ஒன்றை வைத்திருந்தார்கள். க்ளெனிஸ் பாவ்லோவாவைத் துண்டு போட்டபடி, அவள் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"க்ளெனிஸ்," என்றாள் டாம்சின்.

"ம்."

"அந்த ஏஜென்சிக்கு நாளைக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்."

க்ளெனிஸின் கத்தி ஒரு நொடி நின்றது. மறுபடி நகர்ந்தபோது துண்டு பெரியதாக விழுந்தது. அதை டாம்சினின் தட்டில் வைத்தார்.

"நாளைக்கு எதுக்கு? அவங்க ஆபீஸ் விருந்தும் இன்னிக்குத்தான். ஏழு மணிக்கு நம்ம நாற்காலியை எடுக்க நெவில் போறான், அவன்கிட்டயே சொல்லி விடு." பிறகு லாரிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "யோவ் நெவில்! அங்க என்ன மிச்சம் இருக்குன்னு மொதல்ல வாங்கி வண்டியில வச்சுக்க. சேதியை அப்புறம் சொல்லு."