உப்புக் கோணி போர்த்திய ஏரிக்கரை

போன வருஷம் ஆடி மாசம், ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பலத்த மழை. மறுநாள் காலை பாலிடெக்னிக்குக் கிளம்பிய நான் அங்கே அப்படியே நின்றுவிட்டேன். கொட்டி வைத்திருந்த மண்குவியல் பாதிக்கு மேல் கரைந்து ஓடியிருந்தது. கான்கிரீட் இறுகுவதற்காகத் தூணில் சுற்றி நனைக்கிற பழைய கோணி ஒன்று குவியலின் ஒரு பக்கம் கிடந்தது. அதன் அடியில் மட்டும் மண் அசையவே இல்லை. கோணி இழைகளுக்கு நடுவே நாலைந்து பச்சை முளைகள் வேறு எட்டிப் பார்த்தன.

எனக்கு உடனே பருத்திப்பட்டு ஏரிக்கரை ஞாபகம் வந்தது. கரையை உயர்த்தப் போட்ட புது மண், மழைக்கு மழை சரிந்து கீழே குடிசைகளின் முதுகில் வந்து இறங்கும். தொட்டி வேலைக்கு வந்த சித்தாள் அக்கா ஒருவரின் வீடு சரியாக அந்தச் சரிவின் அடியில். ஐப்பசி பிறந்தால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு திருநின்றவூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்வரை வேலையும் கிடையாது. சரிவு முழுக்கக் கேழ்வரகு தூவி, மேலே கோணி போர்த்திக் குச்சி அடித்துவிட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், இந்த வருஷம் நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் என்று அவருக்குப் படம் வரைந்து காட்டினேன்.

"இன்னா நைனா, மண்ணுக்குக் குளுருதா? போத்தி வுடப் போறியா?" என்று சிரித்தார். ஆனால் நம்பினார்.

தேடி அலைந்து, புரட்டாசிக் கடைசியில் பூந்தமல்லியில் ஒரு உப்புக் கடையில் ஒரு வண்டி கோணி சும்மாவே கிடைத்தது. எந்நேரமும் பிசுபிசுவென்று ஈரமாக இருப்பதால் அதை யாரும் எடுப்பதில்லையாம். எனக்கோ அந்த ஈரம்தான் பிடித்தது. விதைக்கு நல்லதாயிற்றே என்று நினைத்தேன்.

அக்கா கோணியைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு நைனா இது. இதுக்கடியில ஒண்ணும் மொளைக்காது. ஊட்டாண்ட புல்லு வேணாம்னா நாங்க உப்புத் தண்ணிதான் ஊத்துவோம். ரெண்டு நாளு ஏரில ஊறப்போட்டு அலசிட்டுப் போடு."

ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புப் பையன்கள் பார்க்க வருவதாக இருந்தது. இரண்டு நாள் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. முதல் மழையே உப்பை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நீளமாக விளக்கினேன். பாதிக்கு மேல் இங்கிலீஷ். விதையைத் தூவிக் கோணியை விரித்தேன், அவர் குச்சிகளை எடுத்துக் கொடுத்தார்.

முதல் மழை உப்பை அடித்துக்கொண்டுதான் போனது, நேராக விதைக்கு. பத்து நாள் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். கேழ்வரகு கறுத்துப் போய்க் கூழாகக் கிடந்தது. சத்தம் போடாமல் கோணியை மூடிவிட்டேன். மூட்டை கட்டட்டுமா என்று அக்கா கேட்டபோது, கொஞ்சம் பொறுங்கள், முளைக்க நாளாகும் என்றேன். இன்றைக்கும் என்னைத் தின்பது அந்த வார்த்தைதான்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் கோணிக்கு அடியில் புகுந்து, மண்ணும் கோணியும் ஒன்றாகச் சரிந்து வந்தன. அக்கா வீட்டுப் பின்சுவர் உள்பக்கமாக விழுந்தது. அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது.

கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம், விதை செத்தது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"சித்தாளுக்கு இன்னா தெரியும்னு நெனச்சிகினே. வேற இன்னா?" என்றார்.

இப்போது அவர் திருநின்றவூரில் இருக்கிறார். கை சரியாகச் சேரவில்லையாம். கல் தூக்க முடியவில்லை. இரண்டு தடவை ரயிலேறிப் போய், தெருமுனையோடு திரும்பிவிட்டேன்.

இந்த ஆடியில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். கீழே யார் வீடும் இல்லாத ஒரு மேடு. இரண்டு நாள் ஊறப்போட்டு அலசிய நாலே நாலு கோணி. கேழ்வரகு முளைத்து வெளியே வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு துண்டை வேரோடு வெட்டி எடுத்துக்கொண்டு திருநின்றவூர் போகப் போகிறேன். அவர் கதவைச் சாத்தினாலும் சரி, அவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாத கோணியை இனி எவர் வீட்டுக்கு மேலேயும் நான் விரிக்கப் போவதில்லை.